காரண வரிசை

உங்கள் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற பஜ்ஜிக் கடையில் எண்ணெய் மாற்றி ரொம்ப நாளாகிறது, மேடம். உள்ளே நுழையும்போதே மூக்கில் ஏறியது. நீங்கள் அங்கே வாங்கிச் சாப்பிடாதீர்கள். உங்கள் ரைட்டர் சாப்பிடுகிறார், சட்டைப் பையோரம் கறை இருக்கிறது. வீட்டில் மனஸ்தாபமோ என்னவோ, காலைப் பசி வெளியில்தான் ஆறுகிறது போலிருக்கிறது.

தப்பாக நினைக்காதீர்கள். என் கண் அப்படி. எங்கள் தெருவில் ஒரு மருமகள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினால், கையில் பை இருக்கிறதா பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். பை என்றால் கோபம். பெட்டி என்றால் வக்கீல். "சந்தனத்துக்குத் தெரியாம தெருவுக்குள்ள தேர்கூட வராது" என்று சொல்லுவார்கள். கேலியாகத்தான் சொல்லுவார்கள். எனக்கு அது பட்டம் மாதிரி.

நீங்கள் எழுதி நீட்டிய தாளில் "கவனக்குறைவு" என்று ஒரு சொல் இருக்கிறது. இரத்ததானக் குழுவின் இணையதளத்தில் ஓட்டை இருந்தது, அதைச் செய்து கொடுத்தவரின் கவனக்குறைவு அது, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்கிறீர்கள். மற்றதெல்லாம் சரி, அந்தச் சொல்தான் எனக்கு ஒப்பவில்லை. என்னை எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கிறார்கள். கவனம் இல்லாதவள் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. ஆகையால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கம்ப்யூட்டர் சென்டர். முன்னறையில் ஜெராக்ஸ், லேமினேஷன், வேலைக்கு விண்ணப்பம் போடுவது. உள்ளறையில் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் இணையதளம் செய்து கொடுப்பேன். இரத்ததானக் குழுவை நடத்துகிற சந்தோஷ்குமார் மருந்துக் கடைக்காரர். அவர் கேட்டதால் குழுவுக்கு ஒன்று செய்தேன். அதில் கொடையாளர் பட்டியல் இருக்கும். பெயர், ஊர், இரத்த வகை, கடைசியாக இரத்தம் கொடுத்த தேதி, அப்புறம் "அழைக்கலாம்" அல்லது "அழைக்க வேண்டாம்". வெளியே தெரிவது இவ்வளவுதான்.

ஏன் அழைக்க வேண்டாம் என்பது வெளியே தெரியாது. உள்ளே ஒரு கட்டத்தில் எண்ணாக இருக்கும். குழுவின் நர்ஸ் அந்த எண்ணைப் போடுவார். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அவர் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. உள்ளே எட்டிப் பார்க்க மாட்டேன் என்று சந்தோஷ்குமாருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். சாவி என் மெஷினிலேயே கிடந்தும் திறந்து பார்க்கவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டியலின் தலைப்பை அழுத்தினால் அந்தத் தலைப்புப்படி வரிசை மாறும். "ஊர்" என்பதை அழுத்தினால் ஊர் வரிசை. அழுத்திய தலைப்பின் பெயர், மேலே முகவரிப் பட்டையின் வாலில் வந்து உட்காரும். தளம் அந்தப் பெயரை எடுத்து, "இதன்படி அடுக்கு" என்று டேட்டாபேஸுக்குக் கேள்வி அனுப்பும். நான் எழுதியபோது, வாலில் வந்த பெயரை அப்படியே அந்தக் கேள்வியில் ஒட்டிவிட்டேன். வேலை நடந்தது, விட்டுவிட்டேன்.

அது தப்பு என்று எனக்குச் சொன்னவள் சுடர்விழி.

சுடர் எங்கள் தெருவில் நாலாவது வீடு. அவள் அப்பா சவரியப்பன், மினி பஸ் கண்டக்டர். கல்லூரி முடித்ததும் என்னிடம் வேலைக்கு வந்தாள். கெட்டிக்காரி. ஆனால் உடம்பு என்று ஒன்று கிடையாது. துப்பட்டாவைக் கொடியில் காயப்போட்ட மாதிரி நிற்பாள். "ஒன்ன ஊதுனா குளத்தூர்ல போயி விழுவடி" என்பேன். "பஸ் காசு மிச்சந்தானக்கா" என்பாள். மதியம் இரண்டு பேருக்கும் நானே சோறு கட்டிக்கொண்டு போவேன். எனக்கு வீட்டில் ஆள் யார் இருக்கிறார்கள்? இரண்டு பேருக்கு என்று வடித்தால்தான் உலை பார்க்கக் கொஞ்சம் நன்றாக இருக்கும்.

ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"அக்கா, அந்த வரிசைப் பக்கத்தைத் தப்பா எழுதிருக்கீங்க."

"என்னடி தப்பு? நல்லாத்தான ஓடுது."

"ஓடும். வால்ல வர்றது நாம வச்ச தலைப்புத்தான்னு நம்புறீங்க. யாரு வேணாலும் அங்க எதை வேணாலும் அடிக்கலாம். தெரிஞ்சவன் வந்தான்னா டேட்டாபேஸையே ஆட்டிப் பாத்துருவான்."

"சரி, தேடுற சொல்லுக்கெல்லாம் கேள்விக்குறி போட்டுத் தனியா அனுப்புறோம்ல, அது மாதிரி அனுப்பிட்டாப் போச்சு."

"அது தேடுற சொல்லுக்குத்தாங்க்கா செல்லும். தலைப்புப் பேருக்குச் செல்லாது. நாமளே அஞ்சு பேரை எழுதி வச்சுக்கிறணும். வந்தது அதுல ஒன்னா இருந்தா, நாம எழுதி வச்ச பேரை எடுத்து ஒட்டணும். இல்லாட்டி பேசாமப் பேரு வரிசைல குடுத்துறணும். பத்து வரி வேலை."

பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள். "இப்ப அந்த ஒளிச்சு வச்ச காரணக் கட்டத்தோட பேரை வால்ல அடிச்சாக்கூட எடுத்துக்கிரும்க்கா. எண்ணைக் காட்டாது. ஆனா அந்த எண்ணு வரிசைல ஆளுங்களை நிப்பாட்டிரும். யாரு யாருக்குப் பக்கத்துலன்னு தெரிஞ்சா போதாதா, நம்ம ஊருக்கு?"

நல்ல பிள்ளை, விழுந்து விழுந்து சிரித்தாள். "அது நான் எழுதுன பக்கம், நானே சரி பண்ணிர்றேன்" என்றேன். நம்பினாள்.

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போனதும் அடித்துப் பார்த்தேன். அந்தக் கட்டத்துக்கு ஆங்கில எழுத்தில் காரணம் என்று பேர். அந்தப் பேரின் முடிவில் ஒரு இரண்டு. முதலில் வைத்த கட்டத்தை அழித்துவிட்டு இரண்டாவதாக வைத்ததால் வந்த இரண்டு. எனக்கும் சுடருக்கும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத பேர்.

பட்டியல் வாய் திறக்கவில்லை, மேடம். ஆட்கள் மட்டும் இடம் மாறினார்கள். கல்யாணப் பந்தியில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும் இல்லையா, அதுபோல. பக்கத்துத் தெரு சத்யபிரியா போய் இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு நடுவில் நின்றாள். அவள் மாமியாருக்கே அப்போது தெரியாது. நான் ஒன்றும் கேட்கவில்லை. மசக்கை வாய்க்கு என்று ஆலங்குடிப் பலாச்சுளை கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவ்வளவுதான். அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கப்புறம் பட்டியலில் இருந்த அந்த ஜன்னலை மூட எனக்கு மனம் வரவில்லை.

வரிசையைத் தலைகீழாகத் திருப்பினால் கடைசி எண்கள் மேலே வரும். முதல் பெயர் சுடர்விழி. அடுத்தது திருப்பதி.

திருப்பதியை நீங்கள் பார்த்திருக்கலாம், எங்கள் தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கிறார். முன்னே லாரி ஓட்டினார், தவறாமல் இரத்தம் கொடுத்தார். ஒருமுறை கொடுத்த இரத்தத்தைச் சோதித்தபோது எச்.ஐ.வி. என்று வந்தது. மாத்திரை சாப்பிடுகிறார், என்னைவிடத் தெம்பாக இருக்கிறார். தெரு மட்டும் அவர் கடையில் காகிதக் கப்பில்தான் டீ குடிக்கும். படித்தவர்கள் கப்பை வீட்டிலிருந்தே கொண்டுபோவார்கள்.

இரண்டு பெயர் அடுத்தடுத்து நின்றால் இரண்டுக்கும் ஒரே எண் என்று அர்த்தமில்லை. ஒன்று முடிகிற இடமும் இன்னொன்று தொடங்குகிற இடமும் அடுத்தடுத்துத்தான் நிற்கும். எண்ணே தெரியாதபோது, கோடு எங்கே விழுகிறது என்று யார் கண்டது? இந்தத் தொழிலில் முதல் மாதம் படிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு அதை நினைக்கத் தோன்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் சுடருக்குக் கல்யாணம் அமைந்தது. பையன் நிலவழகன், குளத்தூர்ப் பக்கம். ஓசூரில் கம்பெனி வேலை. கல்யாணமானதும் அவளும் ஓசூர் போய்விடுவாள். சேதி சொல்ல சென்டருக்கு ஓடிவந்தாள். அவ்வளவு சிரிப்பை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை.

"அங்கிட்டுப் போயி என்னடி பண்ணுவ?"

"அங்க கம்பெனி நெறைய இருக்காம்க்கா. அவுகளே சேத்து விடுறேன்னுருக்காக."

அவுக. பெண் பார்த்துவிட்டுப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் அவுக. நான் சந்தோஷப்பட்டேன், மேடம். வேலையெல்லாம் பாதியில் நின்றன, புதிதாக ஒருத்தியைப் பழக்குவது லேசல்ல. அதை நினைத்துத்தான் கொஞ்சம் முகம் வாடியிருக்கும்.

எங்கள் மாதா கோயில் வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் அறிவிக்கவும் என்று சாமியார் படிப்பார். அறிவிப்பது கடமை என்றும் சொல்லுவார். முதல் ஓலைக்கு சவரியப்பன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். மகள் பெயரை மைக்கில் கேட்டதும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எல்லாருக்கும் கேட்டதா என்று.

இரண்டாம் ஓலைக்கு மாப்பிள்ளையின் அக்கா அருணா எங்கள் கோயிலுக்கு வந்திருந்தாள். பூசை முடிந்து வாசலில் நின்று பேசினோம். பொண்ணு ஒங்ககிட்டத்தான் வேலை பாக்குதாம்ல, எப்புடிங்க என்று கேட்டாள். தங்கமான பிள்ளை என்றேன். பொய் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் நம்பரை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தின் லிங்கை அவளுக்கு அனுப்பினேன், வாலோடு. அதற்குமேல் ஒரு எழுத்து எழுதவில்லை. என் தரப்பில் இதை யாரும் மறுக்க முடியாது.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"என்னங்க்கா இது? என்னமோ பேரா வருது."

"ரத்தம் குடுக்குறவுக பட்டியல்ம்மா."

"பொண்ணு பேரு மொதல்ல இருக்கு. அழைக்க வேண்டாம்னு போட்டுருக்கு. பக்கத்துல யாரு இந்தத் திருப்பதி?"

"எங்க தெருமுனையில டீக்கடை வச்சிருக்காரும்மா. விசாரிச்சா யாரும் சொல்லுவாக."

"இது என்ன வரிசைங்க?"

"காரண வரிசை."

அந்த ஒரு சொல்தான் நான் சொன்னது. வரிசையை நான் போடவில்லை. அது மெஷின் போட்டது.

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. சாமியார் மற்ற ஜோடிகளின் பெயர்களைப் படித்துவிட்டுத் தாளை மடித்தார். சவரியப்பன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தார், விட்டுப்போயிருக்கும், திரும்பப் படிப்பார் என்று. பிறகு அவர் மனைவி கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அன்றைக்கு யாரும் முழந்தாளிட்டு ஜெபிக்கவில்லை, எல்லாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். சுடர் மட்டும் பீடத்தைப் பார்த்தபடி இருந்தாள். கழுத்து நரம்பு புடைத்து, கிள்ளினால் கையோடு வந்துவிடும்போல.

அருணா வந்து விசாரித்ததில் பேச்சு தெரு முழுக்கப் பரவி, அப்புறம் சுடருக்குச் சோதனை எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. சவரியப்பன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் சென்டருக்குத்தான் வந்தார்.

"இத லேமினேஷன் போட்டுக் குடும்மா சந்தனம். கை பட்டுப் பட்டுக் கிழியுது. காப்பியும் வேணும்."

"எத்தன காப்பிண்ணே?"

"தெருவுல எத்தன வீடு இருக்கு?"

போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அவர் அதை மினி பஸ்ஸில் டிக்கெட் பையோடு வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டினார். "ஒன்னுமே இல்லாட்டி எதுக்கு இந்த மனுசன் படத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி தூக்கிட்டுத் திரியிறாரு?" என்றது தெரு. எங்கள் தெருவுக்கு இல்லை என்று நிரூபித்தால், ஏன் நிரூபிக்கிறாய் என்று கேட்கத் தெரியும். அருணா வீட்டிலும் அதேதான். இருக்கோ இல்லையோ, ஓலை நின்ன பொண்ணு வேணாம் என்றுவிட்டார்கள்.

பிறகு திருப்பதி சவரியப்பன் வீட்டுக்குப் போய், வாசலுக்கு வெளியே நின்றே, "என் பேரையும் ஒன் பேரையும் சேத்து விசாரிச்சதுனாலயா தாயி?" என்று அழுதாராம். சுடர் அவரை உள்ளே கூப்பிட்டு, வீட்டு டம்ளரில் காப்பி கொடுத்தாளாம். தெருவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆனால் ஒன்று, அவள் ஓசூர் போகவில்லை. கொஞ்ச நாள் கழித்து வேலைக்குத் திரும்பினாள். தெருவில் அவளோடு பேச ஆளில்லை. கோயிலில் அவள் உட்கார்ந்த வரிசை காலியாக இருந்தது. நான் போய் ஒட்டி உட்காருவேன். மதியம் சென்டரில் என் தட்டிலிருந்து எடுத்து அவள் தட்டில் வைப்பேன், எல்லாரும் பார்க்கும்படி. அவள் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லன்னா நான் செத்துருப்பேங்க்கா" என்றாள். அந்த மாதங்களில் நான் எப்படி இருந்தேன் என்று கேட்டால், நிம்மதியாக இருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

நிலவழகனுக்கு வேறு இடத்தில் பெண் அமைந்தது. கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு, அக்காளின் போனில் இருந்த அந்த லிங்கை எடுத்து சுடருக்கு அனுப்பி, மன்னித்துவிடு, இதைப் பார்த்துத்தான் நின்றது என்று எழுதினான். ஆம்பளைகளுக்கு உறுத்தல் எல்லாம் அடுத்த பந்தியில் இலை போட்ட பிறகுதான் வரும்.

சுடர் உள்ளறையில் இருந்தாள். போனைப் பார்த்தாள். லிங்கின் வாலைப் பார்த்தாள். அந்த இரண்டைப் பார்த்தாள். நான் முன்னறையில் ஒருவருக்கு ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன், என் கண் அவள்மேல்தான். கத்துவாள் என்று நினைத்தேன். மெஷினை இழுத்து, நான் எழுதிய பக்கத்தைத் திறந்தாள். ஐந்து தலைப்புகளை எழுதினாள். வந்தது இந்த ஐந்தில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் பேர் வரிசை என்று எழுதினாள். சேமித்துவிட்டு அதே லிங்கைத் தட்டினாள். பட்டியல் பேர் வரிசையில் வந்து நின்றது. சந்தோஷ்குமாருக்கும் சவரியப்பனுக்கும் கீழே, தன் இடத்தில், சுடர்விழி.

"பத்து வரிகூட ஆகலைக்கா" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. அழுதாளா என்று கேட்காதீர்கள். எல்லாம் பார்க்கிற நான் அதை மட்டும் பார்க்கவில்லை, ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னைக்கு வேறு வேலைக்கென்று அவள் கிளம்பிய நாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நின்றாள். நான் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். பிறகு, "பையைக் குடுங்கக்கா, இனிமே நானே வச்சுக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாள். பஸ் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலோர சீட் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் கல்யாணத்தை நிறுத்தியது பட்டியல்தான் என்பது வெளியே வந்து, அதில் இருந்தவர்கள் பயந்துபோய் ஒவ்வொருவராகப் பெயரை எடுக்கச் சொன்னார்கள். குழுவே ஆட்டம் கண்டது, சந்தோஷ்குமார் உங்களிடம் புகார் கொடுத்தார். நீங்கள் சுடருக்குப் போன் போட்டுக் கேட்டீர்கள். ஏதோ கவனக்குறைவு, சரிபண்ணியாச்சு, யார்மேலும் சந்தேகமில்லை என்று சொல்லியிருக்கிறாள். என் பெயரை உச்சரிக்கவே இல்லை என்கிறீர்கள். பார்த்தீர்களா? அத்தனைக்குப் பிறகும் பாசம் விட்டுப்போகவில்லை.

கவனக்குறைவு என்பதை அடித்துவிட்டு, தெரிந்தே செய்தது என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு சந்தேகம். கேஸ் என்று வந்தால், சாட்சி சொல்ல அவள் புதுக்கோட்டைக்கு நேரில் வர வேண்டும் அல்லவா? போனில் சொன்னால் செல்லாதே? தேதி மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னமும் இரண்டு பேருக்குத்தான் வடிக்கிறேன், பாதி மிஞ்சிப் போகிறது. வந்தால் நாலு நாள் என்னோடு இருந்து சாப்பிடட்டும். அவள் உடம்புக்கு எடை போதாது. முகாமில் அவளை மெஷின்மேல் ஏற்றி நிறுத்தி, இந்த எடைக்கு ஒரு சொட்டுக்கூட எடுக்க முடியாதும்மா, அழைக்க வேண்டாம்னு போட்டுக்கிறேன் என்று நர்ஸ் சொன்னபோது, அவள் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான்தான்.